பாத்திரம் கழுவ ஆள் இருந்தால் தியானம் நடக்கும்

கட்டணம் இல்லை. குரு நேரில் இல்லை. நடத்துபவர்களுக்குச் சம்பளமும் இல்லை. தன்னார்வலர்களின் தோளில் நிற்கும் கூட்டுத் தியானக் குழுக்கள் எப்படி நடக்கின்றன?

“பத்து நாள் தங்க எவ்வளவு ஆகும்?”

“ஒண்ணும் இல்லை.”

“அப்ப, யாரு காசு?”

இந்த மூன்றாவது வரி நம் ஊரில் தானாக வந்துவிடும். நியாயமான கேள்விதான். மலையடிவாரத்தில் ஏக்கர் கணக்கில் வளாகம், முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படியேறும்போதெல்லாம் கூடவே ஏறும் கட்டணம், முன்வரிசைக்குத் தனி விலை என்று பார்த்துப் பழகிய கண் நமக்கு. அமைதி விற்கிற கடையில் இலவசம் என்று பலகை தொங்கினால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ என்ற விபாசனா தியான மையம் இருக்கிறது. எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் வழியில் நடக்கும் மையங்களில் ஒன்று. பத்து நாள் முகாமுக்குப் போகிறவர் படுக்கைக்கோ சாப்பாட்டுக்கோ பாடத்துக்கோ ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். கட்ட நினைத்தாலும் வாங்க மாட்டார்கள். முழுதாக ஒரு பத்து நாளை முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவது என்பது அந்த வழியின் விதி. முதல் நாளே காசோலைப் புத்தகத்தைத் திறக்கிற தொழிலதிபருக்கும் அதே பதில்தான்: “முடிச்சுட்டுப் பிடிச்சிருந்தா குடுங்க சார்.” ஆக, இன்று நீங்கள் சாப்பிடும் சோறு உங்களுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போன யாரோ ஒருவர் போட்டது. நீங்கள் கொடுப்பது அடுத்த முகாமுக்கு வருகிற, உங்களுக்கு முகம் தெரியாத ஒருவரின் தட்டுக்குப் போகும்.

இந்தச் சின்ன விதி செய்கிற வேலை பெரிது. பணம் முன்னால் வராததால் பணத்துக்கு ஏற்ற அறை கிடையாது. கொடுத்தவர் இன்னார் என்று சாப்பாட்டு வரிசையில் ஒதுங்கி வழிவிட வேண்டிய தேவையும் இல்லை. பிடிக்காமல் போனவர் ஏமாந்தோம் என்று புலம்பவும் முடியாது. தியானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூச்சு, மனம், மூளை என்று பேசுவார்கள். அவை இருக்கட்டும். சேர்ந்து உட்காருகிற ஒரு குழு பத்தாண்டு, ஐம்பதாண்டு என்று நீடிப்பது எதனால் என்று பார்த்தால், காசை எப்போது வாங்குவது, கதவை யார் திறப்பது, பாத்திரத்தை யார் கழுவுவது போன்ற விஷயங்களில்தான் விடை கிடைக்கிறது.

கணக்காயர் அலுவலகத்தில் ஒரு தியான அறை

இல்லறத்தில் இருப்பவர்கள் கூடித் தியானம் செய்வது ஆதிகாலத்திலிருந்தே நடந்துவருவது போலத் தோன்றும். உண்மையில் நாம் இன்று பார்க்கும் வடிவத்துக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். பௌத்த நாடுகளிலேயே தியானம் பெரும்பாலும் துறவிகளின் காரியமாக இருந்தது, அவர்களிலும் சிலருக்குத்தான். குடும்பஸ்தர்கள் விகாரைக்குச் சோறு கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டார்கள்.

அதை மாற்றியதில் ஒரு போருக்குப் பங்கு உண்டு. 1885-இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைப் பிடித்தார்கள். திபா மன்னரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி, முதலில் சென்னையில் சில மாதம் வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். மன்னர் போனதும் மடங்களைத் தாங்கிய கையும் போயிற்று. பௌத்தம் அழிந்துவிடுமோ என்ற பயம் பர்மா முழுக்கப் பரவியது. அந்தப் பயத்துக்கு லெடி சயடோ என்ற துறவி கண்ட வழி விசித்திரமானது. மன்னர் இல்லாவிட்டால் என்ன, மக்களிடமே கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். அபிதம்மம் என்ற கடினமான பௌத்தத் தத்துவத்தை எளிய பர்மிய மொழியில் எழுதினார். ஊர் ஊராகப் போய்ச் சாதாரண ஜனங்களைக் கொண்டு படிப்புக் குழுக்கள் அமைத்தார். தியானம் குடும்பஸ்தருக்கும் முடியும் என்றார். அவரிடம் கற்றவர்களில் சயா தெட்ஜி ஒரு விவசாயி. ரங்கூனுக்கு அக்கரையில், தன் கிராமத்திலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த விவசாயியிடம் 1937-இல் வந்து கற்றவர் ஊ பா கின். அவர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். ரங்கூன் என்றதும் நம் பெரியவர்களுக்குச் செட்டியார் கடைகளும், தேக்கும், 1942-இல் நடந்தே ஊர் திரும்பிய கதைகளும் நினைவுக்கு வரும். அதே ரங்கூனில், 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது, நாட்டின் முதல் தலைமைக் கணக்காயராக ஊ பா கின் பொறுப்பேற்றார். பொறுப்பேற்ற பிறகு அலுவலக ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கட்டடத்துக்குள்ளேயே அதற்கென ஓர் இடம் ஒதுக்கினார். கோப்பும் பேரேடும் புரட்டுகிறவர்கள் சேர்ந்து ஒரு விபாசனா சங்கமே அமைத்தார்கள். 1952-இல் ரங்கூனில் தனி மையம் எழுந்தது. அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் நடத்தப்பட்டதுதான் இந்த முழு ஏற்பாடும். ஆசிரியரே மாதச் சம்பளக்காரர் என்பதால் தியானத்தை வைத்துப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. இன்றைய குழுக்களின் குணம் பாதி அந்தக் கணக்கு அலுவலகத்திலேயே உருவாகிவிட்டது என்பது என் எண்ணம்.

1955-இல் அவரிடம் ஒரு மார்வாடி வியாபாரி வந்தார். 1924-இல் மாண்டலேயில் பிறந்தவர். ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு அவதிப்பட்டவர். தலைவலி தீரத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னதும், ‘அதற்காக என்றால் வேண்டாம், மனத்தைச் சுத்தம் செய்யவென்றால் வாருங்கள்’ என்ற பொருளில் ஊ பா கின் மறுத்ததாக அந்த வியாபாரியே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்தான் சத்திய நாராயண் கோயங்கா. பதினான்கு ஆண்டு கற்றார். இடையில் ராணுவ ஆட்சி வந்து அவருடைய தொழில்களை அரசுடைமையாக்கியது. 1969-இல், உடம்பு சரியில்லாத தாய்க்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இந்தியா வந்தார். அந்த ஜூலையில் பம்பாயில் ஒரு தர்மசாலையில் முதல் முகாம். கலந்துகொண்டவர்கள் 14 பேர், பெற்றோரையும் சேர்த்து.

ஒலிநாடா செய்த உபகாரம்

பதினாலு பேர் எப்படி உலகம் முழுக்க மையங்களாகப் பெருகினார்கள் என்பதற்கு விடை ஓர் ஒலிநாடாவில் இருக்கிறது. 1976-இல் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் ‘தம்ம கிரி’ தொடங்கியது. கூட்டம் பெருகியது. ஒரே ஆள் எத்தனை ஊருக்குப் போக முடியும்? 1980-களின் தொடக்கத்தில் கோயங்கா உதவி ஆசிரியர்களை நியமித்து, தன் குரலைப் பதிவு செய்து அவர்களிடம் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த மையத்திலும் பாடம் சொல்வது அந்தப் பதிவுதான். மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் உரையும் பதிவுதான். தமிழ் கேட்பவருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு ஓடும். முன்னால் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் பொத்தானை அழுத்துவார், கூட உட்காருவார், மதிய இடைவேளையில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வார். அவருக்கும் சம்பளம் கிடையாது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாகவோ, விடுமுறை எடுத்து வந்த மருத்துவராகவோ இருப்பார்.

இதனால் ஊருக்கு ஊர் புதிய குருக்கள் முளைக்கவில்லை. கேள்வி கேட்டு நிற்பவர் முன்னால் ஒரு சாதாரண மனிதர் இருக்கிறார். காலில் விழுவதற்கு அங்கே ஆளே கிடையாது. 2013 செப்டம்பரில் கோயங்கா காலமானபோது வாரிசுச் சண்டை என்று பெரிதாக எதுவும் கிளம்பவில்லை. அன்று நடந்துகொண்டிருந்த முகாம்களில் மறுநாள் காலையும் அதே குரல் ஒலித்தது.

குறையும் உண்டு. பதிவில் கோயங்கா ஆழ்ந்த கரகரப்போடு இழுத்து இழுத்துப் பாடும் பாலி மொழி ஓதலை முதல்முறை கேட்கிறவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கலாம். சிரிப்பு மூன்றாம் நாளுக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், பதிவான குரல் எதிர்க்கேள்வியைக் கேட்காது என்பது. என்றோ சொன்ன உதாரணம் இன்றும் அப்படியே ஓடுகிறது. எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்ற கட்டுப்பாடு கலப்படத்தைத் தடுத்தது. கூடவே புதுமையையும் தடுத்திருக்கிறது. ஆனாலும் தியான உலகத்தில் கடந்த ஐம்பதாண்டில் குருமார்கள் செய்த அட்டூழியங்களின் பட்டியலைப் பார்த்தால், மாறாத ஒலிநாடா எவ்வளவோ மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாலு மணி மணியோசை

காலை நாலு மணிக்கு ஒருவர் கையில் மணியோடு விடுதி வராந்தாவில் நடப்பார். நாலரைக்கு முதல் அமர்வு. ஆறரைக்கு உப்புமாவோ பொங்கலோ. பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொரி, பழம், டீ. ஏற்கெனவே முகாம் செய்தவர்களுக்கு அதுவும் இல்லை, எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கண் மூடி உட்காருவது. முதல் மூன்று நாள் மூக்குத் துவாரத்தில் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிப்பது, நாலாம் நாளிலிருந்து உடம்பு முழுக்க எழும் உணர்ச்சிகளைத் தலை முதல் கால் வரை பார்ப்பது. சக மாணவர்களோடு பேச்சில்லை, ஜாடையும் கூடாது. செல்போன் முதல் நாளே அலுவலகப் பெட்டிக்குள் போய்விடும்.

அந்த மணியை அடிப்பவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். அவருக்குச் சேவகர் என்று பெயர். முன்பு ஒருமுறையாவது பத்து நாள் உட்கார்ந்தவராக இருந்தால்தான் சேவைக்கு வர முடியும். பெரிய இந்திய மையங்களில் சமையலுக்கும் துப்புரவுக்கும் சம்பளத்துக்கு ஆள் இருப்பது உண்டு. ஆனால் மாணவர்களைக் கவனிப்பதும் கூடத்தை நடத்துவதும் சேவகர்கள் வேலை. சிறிய மையங்களிலும், வாடகைக்குக் கல்யாண மண்டபம் எடுத்து நடத்தும் முகாம்களிலும் அவர்களே காய் நறுக்குவார்கள், அண்டாவில் சாம்பார் கிண்டுவார்கள், கழிப்பறை தேய்ப்பார்கள்.

உட்காருகிறவருக்கு ஊர் உலகத்தோடு தொடர்பே இல்லை. சேவகருக்கு அந்தச் சொகுசு கிடையாது. நூறு பேருக்கு ரசம் வைக்கத் தெரிந்த ஒருவரும், தனக்குத் தெரியும் என்று நினைக்கிற இன்னொருவரும் ஒரே அடுப்படியில் நிற்பார்கள். “புளி பத்தலீங்க.” “போதும்ணா, நேத்தே வயித்தைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் வந்தாங்க.” குரல் கொஞ்சம் ஏறும். இரண்டு பேரும் சமநிலை என்று பத்து நாள் பாடம் கேட்டவர்கள். பதினோரு மணி மணிக்குள் ரசம் இறங்கியாக வேண்டும். நாளுக்கு மூன்று முறை வேலையை அப்படியே போட்டுவிட்டு, மற்றவர்களோடு கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது சேவகர்களுக்கான விதி. புளிச் சண்டையோடு உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் முழுக்கப் புளிதான் ஓடும். தான் எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பது உட்கார்ந்த முகாமில் தெரிவதைவிடச் சேவை செய்த முகாமில்தான் தெரியும் என்று பழைய மாணவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். இரவில் எல்லோரும் போனபின் சேவகர்கள் உதவி ஆசிரியரோடு சில நிமிடம் கூடி உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் நல்லெண்ணம் வைத்துவிட்டுப் படுக்கப் போவார்கள். மறுநாள் அதே அடுப்படி.

ஞாயிற்றுக்கிழமை ஹால்

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். முதல் வாரம் உட்காருவோம். இரண்டாம் வாரம் ஆபீஸில் ஆடிட். மூன்றாம் வாரம் மச்சினி கல்யாணம். பிறகு அந்தத் தியான மெத்தை நாற்காலிக்கு அணையாகிவிடும். இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்ததால்தான், வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்காருங்கள் என்று மூன்றாவதாக ஓர் அறிவுரையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறார்கள்.

அந்த வாராந்தரக் கூட்டு அமர்வுக்கு மண்டபமோ மேடையோ கிடையாது. பெரும்பாலும் யாருடைய வீட்டு ஹாலாவது. சோபாவைச் சுவரோரம் தள்ளி, பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, முட்டிவலிக்காரர்களுக்குப் பின்னால் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் செருப்புகள். டி.வி. மேல் ஒரு துண்டு. சரியாக ஏழு மணிக்கு ஒருவர் பதிவை ஓடவிடுவார். சில நிமிடம் ஓதல், பிறகு மௌனம். மின்விசிறிச் சத்தம், தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, எதிர்வீட்டு மிக்ஸி. எட்டு மணிக்கு இன்னொரு ஓதல். கடைசியில் ‘பவது சப்ப மங்களம்’ என்று மூன்று முறை வரும். ‘சாது, சாது, சாது’ என்று எல்லோரும் பதில் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறப்பார்கள். உரை கிடையாது, தலைவர் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது.

தனியாக உட்கார்ந்தால் இருபதாம் நிமிடம் கால் மாற்றுகிறவர், இங்கே ஒரு மணி நேரம் அசையாமல் இருந்துவிடுவார். யாரும் அவரைப் பார்ப்பதில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஆனாலும் பக்கத்தில் மூச்சு விடுகிற ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கும் முட்டி வலிக்கிறது, அவரும் அசையவில்லை என்ற நினைப்பு போதும். இதில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளலாம். மார்கழியில் பஜனைக் கோஷ்டியோடு சேர்ந்தால்தான் நாலரை மணிக்கு எழுந்திருக்க முடிகிறது என்று நம் தாத்தாக்கள் கண்டுபிடித்த அதே சூட்சுமம்.

பேசவும் ஒரு வட்டம்

கோயங்கா வழிக் குழுக்களில் உட்கார்ந்து எழுந்தால் வேலை முடிந்தது. மனதில் என்ன ஓடியது என்று யாரும் பகிர்ந்துகொள்வதில்லை. சிலருக்கு அதுதான் நிம்மதி. வேறு சிலருக்கு அது போதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கான இன்னொரு வடிவம் வியட்நாமிலிருந்து வந்தது.

திக் நாட் ஹான் 1926-இல் வியட்நாமின் ஹுவேயில் பிறந்த ஜென் துறவி. போர் நடந்த 1960-களில், குண்டு விழுந்த கிராமங்களைத் திரும்பக் கட்ட இளைஞர்களைக் கொண்டு ஒரு சேவை அமைப்பை உருவாக்கினார். பள்ளிக்கூடம், மருத்துவ உதவி, அகதிகளுக்குக் குடியிருப்பு. ஒரே கிராமத்தைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. தொண்டர்கள் கொல்லவும் பட்டார்கள். இந்த வேலையில் மனம் உடைந்துபோகாமல் இருக்க வேண்டுமானால் வாரத்தில் ஒருநாளாவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது அவருக்குப் பட்டது. 1966-இல் ஆறு பேரோடு ஒரு சங்கம் தொடங்கினார். துறவிகளும் இல்லறத்தாரும் சேரக்கூடியது. அதே ஆண்டு அமைதி கேட்டு அமெரிக்கா போனவர் நாடு திரும்ப முடியாமல் போயிற்று. மறு ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் அவரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1982-இல் பிரான்ஸின் தென்மேற்கில் பிளம் வில்லேஜ் ஆசிரமம். வியட்நாம் மண்ணை மறுபடி மிதித்தது 2005-இல். கடைசியாகத் தான் துறவு பூண்ட கோயிலுக்கே திரும்பி, 2022 ஜனவரியில் காலமானார்.

அவர் வழியில் உலகம் முழுக்க நடக்கும் உள்ளூர்க் குழுக்கள் வாரம் ஒருமுறை கூடும். அமெரிக்காவில் தேவாலயத்தின் அடித்தளம், ஐரோப்பாவில் நூலக அறை, இல்லாவிட்டால் யாருடைய வீடாவது. இருபத்தைந்து நிமிடம் உட்காருவது. பிறகு எழுந்து அறைக்குள்ளேயே வட்டமாக, ஒரு மூச்சுக்கு ஓர் அடி என்று நடப்பது. மீண்டும் உட்காருவது. ஒரு சிறு வாசிப்பு. அதற்குப் பிறகுதான் பேச்சு. மணி அடிக்கும் பொறுப்பு பல குழுக்களில் கைமாறும். புதிதாக வந்தவருக்கும் ஒருநாள் அந்த வாய்ப்பு வரும்.

அந்தப் பேச்சுக்கு உள்ள விதிகள்தான் என்னை வியக்கவைப்பவை. பேச விரும்புகிறவர் கை கூப்புவார். மற்றவர்கள் பதிலுக்குக் கை கூப்புவார்கள். அவர் பேசி முடித்து மீண்டும் கூப்பும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. தன் அனுபவத்தை மட்டும் சொல்லலாம்; கோட்பாடு பேசக் கூடாது. மற்றவர் சொன்னதற்குப் பதில் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. எல்லோருக்கும் வாய்ப்பு வரும்முன் ஒருவரே இரண்டாம் முறை பேசக் கூடாது. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. வேண்டாம் என்றால் பேசாமலே இருக்கலாம்.

இதை நம் வீட்டுக் கூடத்தில் பொருத்திப் பாருங்கள். “ராத்திரி தூக்கமே வரலை, பையனைப் பத்தி ஒரே கவலையா இருக்கு” என்று ஒருவர் சொல்கிறார். உடனே ஒரு சித்தப்பா, “நான் சொல்றேன் கேளு, அவனை ஹாஸ்டல்ல போடு” என்பார். ஒரு அத்தை கசகசாப் பால் குடிக்கச் சொல்வார். மூன்றாமவர் தன் பையன் கதையை ஆரம்பித்துவிடுவார். எல்லோருக்கும் நல்ல மனசுதான். சொன்னவர் மட்டும் பாதியிலேயே நிற்பார். அந்த வட்டத்தில் அதே வார்த்தைகளைச் சொன்னால், சொன்ன பிறகு மௌனம் வரும். யாரும் எதையும் தீர்த்துவைக்க மாட்டார்கள். முதல் இரண்டு முறை அது அலட்சியம் போலவே படும். காதால் கேட்பது மட்டுமே ஓர் உதவிதான் என்று உடம்புக்குப் புரியச் சில வாரம் பிடிக்கும்.

மருந்துக்குப் பதில் மணியா?

ஐ.நா. பொதுச்சபை 2024-இல் டிசம்பர் 21-ஆம் தேதியை உலக தியான தினமாக அறிவித்த பிறகு, எந்த நோய்க்கும் கண்ணை மூடினால் போதும் என்கிற பேச்சு நம் வாட்ஸ்அப்களில் இன்னும் கூடிவிட்டது. ஆராய்ச்சி சொல்வது அதைவிட அடக்கமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் 1979-இல் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மருத்துவமனைக்குள் தியானம் நுழைந்த வாசல்களில் அது முக்கியமானது. அதன் பிறகு வந்த ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியானது. 47 ஆய்வுகள், 3,515 பேர். மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் பலன் இருப்பதற்கு நடுத்தரமான சான்று உண்டு. தூக்கம், உடல் எடை போன்றவற்றுக்குச் சான்று போதாது. மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்றும் சொல்ல முடியாது. இதுதான் முடிவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன், ஜாரெட் லிண்டால் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தியானம் செய்வோர் சிலருக்குப் பயம், தூக்கமின்மை, தன்னையே அந்நியமாக உணர்வது போன்றவை வந்ததைப் பதிவு செய்தது. நீண்ட மௌன முகாம்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். விபாசனா முகாம்களின் விண்ணப்பப் படிவத்தில் மனநலச் சிகிச்சை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பையனுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று பெற்றோரே மறைத்து அனுப்புவதும் நடக்கிறது. ஆறாம் நாள் நடுராத்திரியில் ஒருவர் நிலைகுலைந்தால் பக்கத்தில் இருப்பது ஒரு சேவகர்; அன்புள்ளவர், ஆனால் மருத்துவர் இல்லை. சேவை மனம் பயிற்சிக்கு ஈடாகாது. இந்த இடத்தில் தன்னார்வ அமைப்புகள் இன்னும் நிறையக் கற்க வேண்டும், விண்ணப்பத்தை வடிகட்டுவதோடு கடமை முடிந்துவிடாது.

பத்து நாள் யாரிடம் இருக்கிறது?

மௌன முகாமில் பெயர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள், என்ன வேலை என்று கேட்கவும் வாய் திறக்க முடியாது. ஒன்பது நாள் பக்கத்து மெத்தையில் இருந்தவர் தாசில்தாரா, ஆட்டோ ஓட்டுபவரா என்பது பத்தாம் நாள் மௌனம் கலைந்த பிறகுதான் தெரியும். பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு ஆளை எடைபோடும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த மெத்தைக்கு வந்து சேர்பவர் யார்? சாப்பாடு இலவசம்தான், பத்து நாள் கூலி யார் தருவது? போக்குவரத்தைச் சேர்த்தால் பன்னிரண்டு நாள். மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்களுக்கு விபாசனா போக விடுப்பு தருகிறது. அதே அலுவலகத்தை ஒப்பந்தத்தில் பெருக்குபவருக்கு அது பொருந்தாது. கைக்குழந்தைக்காரிக்கு, படுத்திருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்குப் பத்து மணி நேரமே கிடைக்காது. ஜெய்ப்பூர் சிறையில் 1975-இலும், திகார் சிறையில் 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளுக்கும் முகாம் நடந்ததை இந்த வழியினர் பெருமையோடு சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது: கூலிக்குப் போகும் ஓர் ஏழைக்குப் பத்து நாள் ஓய்வாகக் கிடைக்கிற ஒரே இடம் சிறைதானோ என்னவோ.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் இகத்புரிக்குப் போகிறார்கள். அதே வட்டத்திலிருந்து காரமான கேள்வியும் எழுகிறது. துன்பத்தின் வேரை உள்ளே தேடச் சொல்வது சரி. வெளியே ஒருவன் தள்ளிவிட்டதால் வந்த துன்பத்தை என்ன செய்வது? நமக்கு இதில் சொந்த வரலாறும் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயல் வரை கிளை விட்டது. இதுவும் சாதாரண ஜனங்கள் தங்கள் கைக்காசில் நடத்தியது. அங்கே மௌனத்தைவிடப் படிப்பும் விவாதமும் முன்னால் நின்றன. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முயலும் குழு ஏதாவது தமிழ்நாட்டில் எழுந்தால் அதன் கதவைத் தட்டி முதலில் போய் உட்கார நான் தயார்.

டீயில் தொடங்கும் ஆபத்து

தன் தெருவில் ஒரு குழு ஆரம்பிக்க நினைப்பவருக்கு அனுபவஸ்தர்கள் சொல்வது சுருக்கமானது. மூன்று பேர் போதும். கிழமையையும் மணியையும் மாற்றாதீர்கள். யாரும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் நீங்கள் உட்காருங்கள். எந்த முறை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்த வாரம் விபாசனா, அடுத்த வாரம் மந்திரம், அதற்கடுத்த வாரம் யாரோ அனுப்பிய காணொலி என்று போனால் நாலாம் வாரம் ஆள் இருக்காது. உண்டியல் வைக்காதீர்கள். முதியவருக்கு லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குழுக்கள் கலைகின்றன. சித்தாந்தச் சண்டையால் கலைந்ததைவிட, நம் ஊரில் உபசாரத்தால் கலைந்தவை அதிகம் என்று பழையவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முதல் வாரம் அமர்வு முடிந்ததும் வீட்டுக்காரர், “ஒரு வாய் டீ சாப்பிட்டுட்டுப் போங்க” என்பார். மறுக்க முடியாது. அடுத்த வாரம் டீயோடு சுண்டல். அடுத்த வீட்டில் நடக்கும்போது சுண்டலுக்குக் குறைந்து எப்படி வைப்பது என்று கேசரியும் பஜ்ஜியும். இரண்டு மாதத்தில் அது டிபனாக வளர்ந்துவிடும். கண் மூடி உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேருக்காக அந்த வீட்டு அம்மா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருப்பார். எட்டு மணிக்கு எல்லோரும் கண்ணைத் திறக்கும்போது எண்ணெய் வாசனை ஹாலுக்கு வந்திருக்கும். தியானத்தில் ஆசையோடு சேர்ந்தவரே அவராக இருக்கலாம்; ஒரு வாரமும் உட்கார்ந்திருக்க மாட்டார். பிறகு மெல்ல, “இந்த வாரம் எங்க வீட்ல முடியாதுங்க, விருந்தாளி வர்றாங்க” என்று ஆரம்பிக்கும். அடுத்தவர் வீட்டிலும் விருந்தாளி வருவார்.

நீடித்து நடக்கிற சில குழுக்கள் இதற்கு ஒரு தீர்மானமே போட்டிருக்கின்றன. யார் வீடானாலும் சரி, தண்ணீர் மட்டும். டம்ளரை அவரவர் கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டு அம்மா ஏழு மணிக்கு மற்றவர்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட வேண்டும். வாசல் கதவைக் கவனிக்கும் வேலை அந்த வாரம் வீட்டு ஐயாவுக்கு.